பின்சக்கரத்துக் காற்று

நான் சைக்கிளிலிருந்து விழுந்துதான் முழங்காலை உடைத்துக்கொண்டேன் என்று திருத்தங்கலில் பேசிக்கொள்கிறார்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் சைக்கிளிலிருந்து விழவில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை ஒருமுறைகூட அதிலிருந்து விழுந்ததில்லை. போன ஐப்பசியில், நம் மகன் கட்டிய புது வீட்டின் கூடத்தில், குனிந்தால் முகம் தெரிகிற வெள்ளைத் தரையில், கையில் தண்ணீர்ச் செம்போடு நடந்தபோது வழுக்கி விழுந்தேன். சைக்கிள் அந்நேரம் வாசலில் ஸ்டாண்டு போட்டு நின்றது. அது ஒரு பாவமும் அறியாது.

அந்த வீட்டை நீங்கள் பார்க்கவில்லை. கடைக்கால் தோண்டியபோது இருந்தீர்கள், கிரகப்பிரவேசத்துக்கு இல்லை. தரைக்கல்லை அவன் மதுரைக்குப் போய் நாலு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தரையைத்தான் புகழ்வார்கள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவர்களிடம் "எங்கம்மா சைக்கிள்ள இருந்து விழுந்துட்டாக" என்று அவன் சொன்னதைக் கட்டிலில் படுத்தபடி கேட்டேன். வலியில் திருத்த முடியவில்லை. வலி குறைந்து திருத்தப் பார்த்தால், ஊர் அதை அச்சடித்து, மடித்து, கட்டுப் போட்டு அனுப்பிவிட்டது. தரையின் மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

இன்று காலையிலிருந்து என் வலதுகை விரல்களில் வால் டியூப்பின் ரப்பர் வாசனை இருக்கிறது. மூன்றுமுறை சோப்புப் போட்டும் போகவில்லை. வால் டியூப் மாற்றுவது என்றைக்கும் உங்கள் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் படியில் உட்கார்ந்து, அந்தச் சின்ன ரப்பர் குழாயை எச்சில் தொட்டு வால்வின் மேல் ஏற்றுவீர்கள். பிறகு காற்றடித்துவிட்டு, "மதர், வந்து புரூஃப் பாருங்க" என்று கூப்பிடுவீர்கள். நான் வால்வின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்து, "பிழையில்லை" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பம்பை உள்ளே வைப்பீர்கள்.

விருதுநகரில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்பதற்காக எனக்கு நீங்கள் வைத்த பெயர் மதர். அவர்களிடம் நான் கற்றது ஜெபம் அல்ல, சந்தேகம். "படித்ததை நம்பாதே, பார்த்ததை நம்பு" என்பார் எங்கள் தலைமை ஆசிரியை. அந்தப் பழக்கம்தான் எனக்கு வேலையும் வாங்கித் தந்தது. நம் அச்சகத்தில் நீங்கள் மிஷின் பார்த்தீர்கள், நான் புரூஃப் பார்த்தேன். தினமும் கிழிக்கிற காலண்டர் தாள் ஒவ்வொன்றையும் பஞ்சாங்கத்தோடு வைத்து ஒப்பிடுவேன். நல்ல நேரம், இராகு காலம், சூலம், சந்திராஷ்டமம். முப்பது வருடத்தில் அவற்றில் ஒன்றையும் நான் நம்பியதில்லை, ஒன்றையும் தப்பாக விட்டதுமில்லை. நீங்களும் நம்பாதவர் என்றுதான் இருந்தேன். "மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் திங்கிறதில்ல, மதர்" என்று சொல்லிச் சிரிப்பீர்களே.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

முட்டிக்குக் கீழே எலும்பு பிளந்துவிட்டது. தகடு வைத்து ஏழு திருகாணி முடுக்கினார்கள். மூன்று மாதம் கால் தரையில் படக்கூடாது என்றார்கள், படவில்லை. தை பிறந்த பிறகு வாரம் மூன்று நாள் பஸ் ஏறி, ஆமத்தூர் வழியாக விருதுநகருக்குப் போய், பிசியோதெரபி செய்துகொண்டேன். காலை மடக்கச் சொல்லித் தரும் பெண் காரியாபட்டிக்காரி. கெட்டிக்காரி, ஆனால் வாய் நீளம்.

"எதுக்காக இம்புட்டு அவசரப்படுறீக? எந்தப் போட்டிக்குப் போகப் போறீக?"

"போஸ்ட் ஆபீசுக்கு."

"அதுக்குத்தான் ஆட்டோ இருக்குல்ல?"

"ஆட்டோவுல போனா நான் ஒரு சாமான். சைக்கிள்ல போனாத்தான் நான் ஒரு ஆளு."

அவள் சிரித்துக்கொண்டே, நகராத சைக்கிள் ஒன்றில் என்னை ஏற்றி உட்காரவைத்தாள். மிதி மேலே வரும்போது முட்டி மடங்காமல் பூட்டிக்கொள்ளும். பாதி தூரம் மிதித்து, பாதியில் பின்வாங்கி, ஊஞ்சல்போல ஆட்டிக்கொண்டே இருந்தேன். இப்படிப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் அவள் "பின்னாடி சுத்திப் பாருங்க" என்றாள். முன்னால் போக மறுத்த கால் பின்னால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. எலும்புக்குள் ஏதோ கிழிந்தது போலிருந்தது. நான் கத்தவில்லை. அவள்தான் கத்தினாள், சந்தோஷத்தில்.

அதற்குள் நம் மகன் என் சைக்கிளைச் சாக்கில் சுற்றி அச்சகத்துக் கிடங்கில் போட்டுவிட்டான். "பழைய இரும்புக்குப் போட்டுருவோம்மா" என்றான். நான் அவனிடம் வாதாடவில்லை. தெருமுக்குச் சைக்கிள் கடைக்காரரை நேரே அனுப்பி எடுத்து வரச் சொன்னேன். அவர் சீட்டை மூன்று விரற்கடை உயர்த்திக் கொடுத்தார். சீட்டு உயர்ந்தால் முட்டி குறைவாக மடங்கினால் போதும், ஆனால் நிறுத்தும்போது கால் தரையில் எட்டாது. ஆகவே வாசல்படியை ஒட்டி நிறுத்தி ஏறுவேன், திரும்பி வந்து படியை ஒட்டியே இறங்குவேன். சித்திரையில் முதல்நாள் தெருமுனைப் பிள்ளையார் வரை. ஒரு வாரத்தில் போஸ்ட் ஆபீஸ் வரை. காலை ஆறு மணிக்கு, பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆளேற்றிக்கொண்டு விரையத் தொடங்குமுன் போய்த் திரும்பிவிடுவேன்.

சித்திரை முடியுமுன் ஒரு காலையில் பின்சக்கரம் சப்பென்று கிடந்தது. கடைக்காரர் டியூப்பைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தார்.

"பஞ்சரும் இல்ல ஒண்ணும் இல்ல. யாரோ காத்தப் பிடுங்கி விட்டுருக்காக."

"யாரு?"

"அத நீங்கதாம்மா சொல்லணும். கேட்டுக்குள்ள நிக்கிற வண்டி. களவாணி ஏறிக் குதிச்சா வண்டியத் தூக்குவானா, காத்தத் தூக்குவானா?"

நான் மருமகளைச் சந்தேகித்தேன். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முதல்நாள் நான் ஏறியபோதே அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். "அத்தே, ஒங்களப் பாத்துட்டு நாலு பேரு எங்களத்தான் பேசுறாக. வயசான காலத்துல அலைய விட்டுருக்கோம்னு" என்றாள். அன்று மாலையே வால்வின் திருகில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஒரு நோட்டில் காலையும் மாலையும் குறித்தேன். மறுநாள் அவளிடம் கேட்டும்விட்டேன்.

"வாசல் கூட்டும்போது சைக்கிள நகத்துனியா?"

"நகத்தாமக் கூட்ட முடியுமா? தொடக்கூடாதுன்னா எழுதி ஒட்டிருங்க அத்தே."

எழுதி ஒட்டினேன். அவள் அதைப் படித்துவிட்டு, எழுத்தில் படாமல் சைக்கிளைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் காற்று அப்படியே இருந்தது. கால் தேறியது. வைகாசியில் சிவகாசி ரோடு வரை போனேன். பிறகு மறுபடி ஒருநாள் சக்கரம் சப்பிக் கிடந்தது. சாக்பீஸ் கோடு இடம் மாறியிருந்தது. நோட்டை எடுத்து நாளை எண்ணினேன். சரியாக இருபத்தேழு. முப்பது வருடம் காலண்டர் தாள் பார்த்தவளுக்கு இருபத்தேழு என்ற எண் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்திரன் ஒரு சுற்றுச் சுற்றி, விட்ட நட்சத்திரத்துக்கே வந்து நிற்கிற நாள் அது. பஞ்சாங்கத்தை விரித்தேன். காற்றுப் போன இரண்டு நாளும் ஒரே நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம். அந்த நாளில் அந்த நட்சத்திரக்காரர்கள் வண்டி வாகனம் எடுக்கக்கூடாது, புதுக் காரியம் தொடங்கக்கூடாது என்று நாம்தானே லட்சக்கணக்கான தாளில் அடித்தோம்.

அந்த நட்சத்திரம் மகமாக இருந்திருந்தால், மருமகள்தான் என்று முடிவு கட்டியிருப்பேன். நம் கல்யாணப் பத்திரிகையிலும் ஜாதகத்திலும் கோயில் அர்ச்சனைச் சீட்டிலும் என் நட்சத்திரம் மகம். இந்த வீட்டில் எல்லாருக்கும் நான் மகம். ஆனால் பஞ்சாங்கம் காட்டியது ஆயில்யம்.

நான் உண்மையில் ஆயில்யத்தில் பிறந்தவள் என்பது என் அப்பாவுக்கும், பணம் வாங்கிக்கொண்டு பிறந்த நேரத்தைத் தள்ளி எழுதிய ஜோசியருக்கும் தெரியும். அவர்கள் போய் எத்தனையோ வருடமாயிற்று. மூன்றாவதாகத் தெரிந்தவர் நீங்கள்.

நான் உங்களிடம் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? கல்யாணமான பதினாலாம் மாதம் உங்கள் அம்மா போய்விட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிய மத்தியானம், மழித்த தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தீர்கள். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பது ஊர்ப்பேச்சு. அதற்குப் பயந்துதான் என் அப்பா அதை மகமாக்கினார். மாமியார் இறந்துபோன வீட்டில் அந்தப் பொய்யோடு ஒருவேளைச் சோறுகூட என்னால் தின்ன முடியவில்லை. எதிரே நின்று, பாடம் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். என்னை என் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லியும் கேட்டேன்.

நீங்கள் சிரித்தீர்கள். அந்த நேரத்திலும் சிரித்தீர்கள்.

"எங்கம்மா சீனியால போனா. ரெண்டு வருசமா காலுப்புண்ணு ஆறாமக் கெடந்தா. ஒன் நட்சத்திரம் வந்து அவ காலக் கடிச்சுச்சா?" என்றீர்கள். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது நமக்குள்ள இருக்கட்டும். எவன்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றீர்கள்.

அந்தச் சிரிப்பின் மேல்தான் நான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினேன்.

ஆகவே உங்களைச் சந்தேகிக்குமுன் என் கணக்கைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். அப்படித்தான் ஆயிற்று என்றும் நினைத்தேன். ஒன்பதே நாளில் மூன்றாம்முறையாகக் காற்றுப் போனது. சந்திரன் ஒன்பது நாளில் சுற்றி வராது. பஞ்சாங்கத்தில் அன்றைக்கு வேறு நட்சத்திரம். மனதுக்குள் உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைக்காரரிடம் புது வால் டியூப் வாங்கிப் போட்டேன். பழைய ரப்பரைக் குற்றவாளியாக்கி நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தவள், சுவரில் தொங்கிய காலண்டரை ஏறிட்டுப் பார்த்தேன்.

நம் அச்சகத்துக் காலண்டர்தான். அன்றைய தாளில், அடியில், சந்திராஷ்டமம் ஆயில்யம் என்று அச்சாகியிருந்தது. பஞ்சாங்கத்தில் இல்லாதது தாளில் இருந்தது. எப்படி நேர்ந்தது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஒன்பது நாளுக்கு முந்தைய தாளின் அமைப்பைப் பிரதி எடுத்துக்கொண்டு, தேதி, கிழமை, நேரம் எல்லாவற்றையும் மாற்றி, அடிவரியை மட்டும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் தாள் அமைக்கிற எல்லா அச்சகத்திலும் நடக்கிற தப்பு. நான் இருந்திருந்தால் அது மிஷினுக்குப் போயிருக்காது.

ஆனால் அந்தத் தப்புத்தான் எனக்குச் சாட்சி சொன்னது. காற்றைப் பிடுங்குகிறவர் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. தினமும் காலையில் கூடத்துக் காலண்டரில் தாளைக் கிழித்து, அடிவரியைப் படித்துவிட்டு, வாசலுக்குப் போகிறார். இந்த வீட்டில் தாள் கிழிப்பவன் ஒருவன்தான். நீங்கள் போன மறுநாளிலிருந்து நம் மகன் அதை யாரையும் தொட விடுவதில்லை. உங்கள் மேலுள்ள பாசம் என்று நினைத்து நான் எனக்குள்ளாகக் கண்கலங்கியிருக்கிறேன்.

அடிவரியில் ஆயில்யம் வரும் அடுத்த நாளுக்காகக் காத்திருந்தேன். இன்றுதான் அது.

விடிந்ததும் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவன் குளித்து, திருநீறு பூசி, கூடத்துக்கு வந்து தாளைக் கிழித்தான். அடிவரியைப் படித்தான். பிறகு செருப்பில்லாமல் வாசலுக்குப் போய், பின்சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்து, திருகைக் கழற்றினான். காற்று ஸ்ஸென்று இறங்கியது.

"முன்னாடிச் சக்கரத்த ஏன் விட்டுட்ட? அதையும் பிடுங்கு. வேலைன்னா முழுசாச் செய்யணும்" என்றேன் ஜன்னல் வழியாக.

அவன் எழுந்திருக்கவில்லை. நரைத்த தலையோடு, ஒன்பதாம் வகுப்பில் பீடியோடு பிடிபட்டபோது இருந்த அதே முகம்.

"எம்புட்டு நாளாப் பாக்குற?"

"மொத நாள்ல இருந்து. வைகாசியில ஒரு நாளு தப்பாப் பிடுங்கிட்ட. ஒன் காலண்டர்ல தப்பு இருக்கு."

"எந்தத் தேதிம்மா?" என்று துள்ளி எழுந்தான். பிடிபட்டது மறந்துபோய்விட்டது. "ஐயையோ, ஊரு ஊராப் போயிருச்சே!"

"அது போகட்டும். ஆயில்யம்னு ஒனக்கு யாரு சொன்னா?"

அவன் திருகை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பாதான் சொல்லிட்டுப் போனாக. ஆஸ்பத்திரியில. அந்த நாள்ல ஒன்னைய சைக்கிள் எடுக்க விடாதன்னாக. ஒன்ட்ட சொல்லக் கூடாதுன்னாக."

"ஏன்னு சொன்னாகளா?"

"சொன்னாக."

"என்ன சொன்னாக?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?" திருகைப் படியில் வைத்தான். "போன ஐப்பசியில சீசன் நெருக்கடி. ரெண்டு நாளு தாளு கிழிக்கவே மறந்துட்டேன். ஒன்ன ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்து கிழிக்கிறேன், நீ விழுந்த அன்னைக்கு அந்தப் பேருதான் போட்டுருக்கு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"நான் விழுந்தது தரையில. சைக்கிள்ல இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் ஊரெல்லாம் சைக்கிள்னு சொன்ன?"

"சைக்கிள்னு சொன்னாத்தான மறுபடி ஏற மாட்ட."

அதற்குள் மருமகள் வந்து நின்றாள். அவனைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், கடைசியாக நான் எழுதி ஒட்டிய தாளைப் பார்த்தாள். "அத எடுத்து இவுக நெத்தியில ஒட்டுங்க அத்தே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்பேன். அவனோ "லோடு நிக்கிது" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டான். காரணத்தைச் சொல்லாமலே போனான்.

நானே வால் டியூப்பை ஏற்றினேன், பம்பை மிதித்துக் காற்றடித்தேன். படியை ஒட்டி நிறுத்தி ஏறினேன். இன்றைக்கு ஏறாமலிருந்தால் இனி என்றைக்கும் ஏறமாட்டேன் என்று தெரிந்தது. சிவகாசி ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. வேன்கள் எதிரும் புதிருமாகப் பறந்தன. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே உரசிப் போனது. கால் நன்றாகத்தான் சுற்றியது, மேலே பூட்டவில்லை. கைதான் பிரேக்கை விடவே இல்லை. திரும்பி வந்து படியில் இறங்கிப் பார்த்தால் உள்ளங்கையில் பிரேக்கின் தடம் சிவந்து கிடந்தது. எத்தனையோ ஆயில்ய நாளில் தெரியாமல் ஓட்டியிருப்பேன். ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை.

ஓட்டியிருப்பேனா? அதிலும் இப்போது சந்தேகம். மாதத்துக்கு ஒருமுறை "மதர், செயின் லூசா இருக்கு, இன்னைக்குப் பஸ்ஸில போங்க" என்பீர்கள். நான் ஒருநாளும் குனிந்து செயினைப் பார்த்ததில்லை. எதையும் பார்க்காமல் நம்பாதவள், நீங்கள் சொன்னால் பஸ் ஏறிவிடுவேன். என் மேல் இவ்வளவு அக்கறையா என்று பஸ்ஸில் நின்றுகொண்டே பெருமைப்பட்டதும் உண்டு. செயின் உண்மையிலேயே எத்தனை முறை தொய்ந்திருந்தது? மாதம் தவறாமல் தொய்கிற செயின் உலகத்தில் உண்டா?

இதில் இரண்டே வழிதான் இருக்கிறது. இரண்டையும் காலையிலிருந்து மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். நீங்கள் நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லாதவர், வயது ஏற ஏற எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் கண்டதையும் பிடித்துக்கொண்டீர்கள் என்பது ஒரு வழி. அப்படியானால் அது பாசம். வாக்கு மீறி மகனிடம் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவேன். இன்னொரு வழி, நீங்கள் முதலிலிருந்தே நம்பியவர் என்பது. ஆயில்யத்துக்கு ஆகாத நாளை நம்புகிறவர், ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பதை மட்டும் நம்பாமல் இருப்பாரா? அப்படியானால் கிணற்றடியில் சிரித்தது எனக்காகப் போட்ட வேஷம். பெற்ற தாயைக் கொண்டுபோனவள் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டே, ஒரு வார்த்தை சொல்லாமல், என் கையால் நாற்பது வருடம் சாப்பிட்டிருக்கிறீர்கள். அது எப்படிப்பட்ட பெருந்தன்மையாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் அன்றே பஸ் ஏறியிருப்பேன்.

போன வருடப் பஞ்சாங்கம் அலமாரியில்தான் இருக்கிறது. நான் விழுந்த நாள் உண்மையிலேயே ஆயில்யத்துக்கு ஆகாத நாள்தானா, அல்லது அதுவும் நம் மகன் அச்சகத்துப் பிழையா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். காலையிலிருந்து இரண்டுமுறை அலமாரிக் கதவைத் திறந்தேன். புத்தகத்தை எடுக்கவில்லை. முப்பது வருடத்தில் ஒரு தாளையாவது ஒப்பிடாமல் விட்டவள் அல்ல நான். இதை ஒப்பிட முடியவில்லை. சைக்கிளை நாளையும் எடுப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் எடுக்குமுன் என் கண் காலண்டரின் அடிவரிக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரிகிறது. உங்கள் பயமா, உங்கள் நம்பிக்கையா, எதுவென்று பெயர் தெரியாமலே அதை நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

உங்களால் பதில் எழுத முடியாது. ஆகவே இந்தத் தாள்களை நம் மகன் சாப்பிட வரும்போது அவன் இலையருகே வைக்கப்போகிறேன். இனி எழுதுவது அவனுக்கு.

தம்பி, அந்த நாளைப் பற்றி அப்பா ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னபோது என்ன காரணம் சொன்னார்? உன் அப்பத்தாவின் பேச்சை எடுத்தாரா, இல்லையா? எனக்கு வலிக்கும் என்று எதையும் விடாதே. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று எதையும் சேர்க்காதே. வாயால் சொன்னால் நீ அழுவாய், நான் கேள்வி கேட்பேன், விஷயம் நின்றுபோகும். அவர் பேசிய வார்த்தைகளை அப்படியே ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் என்னிடம் கொடு.